தாடிக்குக் கட்டிய பல்

எனக்கு மிகவும் பிடித்த மனிதரின் எச்சில் என் சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் விழுந்தபோது, அதைத் துடைப்பதா, அப்படியே காயவைத்துப் பத்திரப்படுத்துவதா என்று ஒரு கணம் யோசித்தேன். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. எச்சிலை நினைத்து அல்ல, அந்த ஒரு கணத்தை நினைத்து.

நான் பல் கட்டுகிறவன். டாக்டர் இல்லை, என் கையெழுத்து எல்லோருக்கும் புரியும். மாடியில் இருக்கும் பல் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். கீழே எங்கள் பட்டறையில் நானும் மச்சினனும் அதில் பிளாஸ்டர் ஊற்றி, முதலில் மெழுகில் பல்லை அடுக்குவோம். வாயில் வைத்துப் பார்த்துச் சரியென்றால்தான் மெழுகை நீக்கி, ஈறு நிறப் பிளாஸ்டிக்கை வேகவைத்து, மெருகு போட்டு முடிப்போம். இந்த ஊரில் பாதிக் கிழவர்கள் சிரிப்பது எங்கள் சிரிப்பு.

பட்டறையில் எப்போதும் ஒரே குழுவின் பாட்டுதான் ஓடும். எங்கள் இளவயதில் நாலு பேர் சேர்ந்து, களத்துமேட்டுப் பாட்டையும் தாலாட்டையும் எலெக்ட்ரிக் கிடாரில் ஏற்றி ஊரை உலுக்கினார்கள். முன்னால் தாடி வைத்த கிடார்க்காரர், பக்கத்தில் பாடகி, ஓரத்தில் குழல் ஊதும் ஒல்லி, பின்னால் இருட்டில் டிரம்ஸ்காரர். அந்த நாளில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேரைக் கேட்கும் முன் ‘நாலு பேர்ல உனக்கு யாரு?’ என்றுதான் கேட்போம். குழல் என்று சொன்னால், ஆள் கவிதை எழுதி வைத்திருக்கிறான், உடனே கிளம்பிவிட வேண்டும். பாடகி என்று சொல்பவன் குரலைப் பற்றிப் பேசுவதாகப் பாவனை செய்வான். தாடி என்றால் நம்ம ஆள். டிரம்ஸ்காரர் என்று சொன்னவரை நான் பார்த்ததே இல்லை, என் மனைவியைத் தவிர.

அவளைக் கேசட் கடையில் பார்த்துக் கேட்டேன். “டிரம்ஸ்காரர்” என்றாள். காரணம் கேட்டதற்கு, ஒரு கச்சேரியை மேடையின் பக்கவாட்டிலிருந்து பார்த்தாளாம். தாடி முன்னால் நின்று சுமைப் பாட்டுப் பாடியபோது, பின்னால் இருந்த இவர் கழுத்து நரம்புதான் புடைத்ததாம். கழுத்து நரம்பைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினாய் என்று சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு திருந்திவிடுவாள் என்று நம்பினேன். அவளும் என் தாடியைப் பற்றி அதையேதான் நம்பியிருக்கிறாள். தாடிக்காகத் தாடி வளர்த்தவன் நான். அதில் மெழுகு ஒட்டும், தேநீர் சொட்டும், சளி பிடித்தால் சொல்லவே வேண்டாம்.

குழுவின் கடைசிக் கச்சேரி எங்கள் ஊரில் என்று அறிவித்தார்கள். குழல் இறந்துவிட்டார், பாடகி வரமாட்டார்; தாடியும் டிரம்ஸும் மட்டும். கச்சேரிக்கு முன்வாரம் மாடியிலிருந்து டாக்டர் ஓர் அச்சை அனுப்பி, “யாருக்குன்னு தெரியுமா?” என்று போனில் கேட்டார். தாடியின் பழைய பல் செட் உடைந்துவிட்டதாம். நான் அந்தப் பிளாஸ்டர் வாயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். மச்சினன் என்னைப் பார்த்துவிட்டு, “மாமா, முத்தம் கித்தம் குடுத்துடாதீங்க” என்றான்.

அங்கேதான் என் தொழில் அறிவு விளையாடியது. சுமைப் பாட்டு எங்கள் வாழ்க்கையின் பாட்டு. ‘சுமையை இறக்கு, சுகமாய் உறங்கு’ என்ற வரியில், ‘சு’ வரும் இடத்திலெல்லாம் மெல்லிய சீட்டி ஒன்று ஒலிக்கும். மற்றவர்களுக்குக் கேட்காது. பல் கட்டுகிறவன் காதுக்குக் கேட்கும்: மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. படங்களில் மீசை வாயை மூடியிருந்ததால் அவர் பல்லை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமா என்ன? கேட்டிருக்கிறேனே. டாக்டர் நெருக்கமாக அடுக்கச் சொல்லியிருந்தார். பாட்டே கேட்காத மனிதருக்கு என்ன தெரியும்? பாட்டைப் போட்டுப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, மெழுகில் சந்து விட்டுப் பல்லை அடுக்கினேன். அப்படி ஒரு வேலை நான் செய்ததே இல்லை.

மெழுகுப் பல்லை வைத்துப் பார்க்க அவரே பட்டறைக்கு வந்தார். மாடியில் பூந்தொட்டிக்குள் துப்பிவிட்டாராம், அதனால் டாக்டர் கீழே அனுப்பிவிட்டார். தாடி நாலு மஞ்சள் மயிராகச் சுருங்கியிருந்தது. மீசை உதிர்ந்து வாய் திறந்த பையாகத் தெரிந்தது. உட்கார்ந்ததும் உடைந்த பல் செட்டை எச்சில் சொட்டக் கழற்றி என் டப்பா மூடிமேல் வைத்தார். அதன் உட்புறத்தில் பச்சையாக ஒரு படலம் இருந்தது. பிறகு என் தேநீர்க் குவளையை எடுத்து வாய் கொப்பளித்து, அதிலேயே துப்பி, என்னிடமே நீட்டினார்.

அவர் பின்னால் துண்டோடு ஒரு கிழவர் நின்றார். தாடியின் மோவாயில் வழிந்ததைக் குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டார். அவர்தான் டிரம்ஸ்காரர் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

தாடி பேசிக்கொண்டே இருந்தார். ரசிகர்கள் ஈக்களாம், இனிப்பு கொட்டிய இடத்தில் உட்காருமாம். குழல்காரர் செத்ததைச் சொல்லி, பங்கு பிரிக்க ஒரு ஆள் குறைந்தது என்று சிரித்தார். என் மனைவி சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றபோது, “அந்தப் பொம்பளைய விசிறச் சொல்லு” என்றார். அவள் விசிறவில்லை. உள்ளே வந்து டிரம்ஸ்காரருக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

மெழுகுப் பல்லை வாயில் வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தேன்.

“என்னய்யா இது? எலி ஓடற மாதிரி சந்து?”

“உங்க சந்துதாங்க. சுமைப் பாட்டுல கேக்குதே.”

“எனக்கு ஏதுய்யா சந்து? என் பல்லு முத்து வரிசை. டாக்டர் சொல்லலையா?”

பல் செட் வைத்தால் ‘ச’ வருகிற சொல்லைச் சொல்லச் சொல்லிச் சோதிப்பது எங்கள் வழக்கம். ஒரு தடவை அந்த வரியைப் பாடிக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பாடினார். பாடினார் என்று நான் சொல்வது மரியாதைக்கு. கதவு கீலுக்கு எண்ணெய் போடலாம். அந்தக் குரலுக்கு எதைப் போடுவது? மெட்டே தெரியவில்லை.

“எனக்கெங்க ஞாபகம். டேய், நீ சொல்லுடா” என்றார் பின்னால் திரும்பாமலே.

டிரம்ஸ்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். துண்டால் வாயைப் பாதி மூடிக்கொண்டு அந்த வரியைப் பாடினார். சீட்டி வந்தது. சரியாக அதே இடத்தில், அதே அளவில்.

நான் அப்படியே முன்னால் குனிந்திருக்கிறேன். மெழுகு உருக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் தாடி ஒரு பக்கம் பொசுங்கி, மயிர் தீய்ந்த நாற்றம் பட்டறையை நிறைத்தபோதுதான் மச்சினன் என் முகத்தில் தண்ணீரை விசிறினான். தாடி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏன்யா மூஞ்சி தொங்குது? துணிக்கடையில பொம்மை நிக்கும்ல? நான் பொம்மை, அவன் துணி. இத்தனை வருஷம் யாரு கண்டுபிடிச்சா? நாளைக்கும் அவன் இருட்டுல பாடுவான், நான் வாயசைப்பேன். சந்தை மூடிக் குடு, டிவிக்காரன் வர்றான்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். ‘நான்தான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

கிளம்பும்போது டிரம்ஸ்காரரை வாசலில் மடக்கினேன். கடைசிக் கச்சேரியிலாவது முன்னால் வந்து பாடுங்கள், ஜனங்களுக்குத் தெரியட்டும் என்றேன். அவர் துண்டைச் சுருட்டிக்கொண்டே, “பாத்தா வராதுங்க. நாலு கண்ணு மேல பட்டாத் தொண்டை மூடிக்கும். அவரு முன்னால நிக்கறதாலதான் நான் பாடவே பாடுனேன்” என்றார். அடிமை மோகம் என்று நினைத்தேன். எச்சில் துடைத்துத் துடைத்து முதுகெலும்பே ஈரமாகிவிட்டது என்று அவர்மேலும் எனக்கு அருவருப்பு வந்தது.

சந்தை மூடினேன். பல்லை ஒழுங்காகவே கட்டினேன். பல் என்ன பாவம் செய்தது? ஆனால் மறுநாள் கொடுக்கும்போது தாடியிடம் ஒன்று சொன்னேன். புதுப் பல், இன்னும் பிடிப்பு வரவில்லை, வாயை அகலத் திறந்தால் எல்லோர் முன்னாலும் கீழே விழும், சிரிக்கலாம், பேசலாம், பாடுவதுபோல வாயை மட்டும் திறக்காதீர்கள் என்று. அதில் பாதி உண்மை. மீதி வயிற்றெரிச்சல். அவர் வாயை மூடி நிற்க, பாட்டு மட்டும் வந்தால், எங்கிருந்து வருகிறது என்று ஊரே தேடும். ஒரு தடவையாவது தேடட்டும் என்று நினைத்தேன்.

கச்சேரிக்குப் போகுமுன் மிச்சத் தாடியையும் வழித்துவிட்டேன். மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “ஐயோ, இந்த முகத்தையா மறைச்சு வச்சிருந்தீங்க? தாடியே பரவாயில்ல” என்றாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. தாடி மேடையில் வந்து சிரித்தார். அழகான சிரிப்பு. பக்கத்துச் சீட்டு அம்மாள், “இந்த வயசுலயும் பல்லப் பாருங்க” என்று உருகினாள். என் கைவேலையை நானே பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். கிடார் மட்டும் வாசித்துச் சில பாட்டுகளை ஓட்டிவிட்டு, கடைசியில் சுமைப் பாட்டைத் தொடங்கினார். உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். குரல் வந்தது.

முதலில் முன்வரிசையில் சலசலப்பு. பிறகு ஒவ்வொரு தலையாகச் சாய்ந்து தாடிக்குப் பின்னால் பார்த்தது. விளக்குக்காரனுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெளிச்சம் நகர்ந்து போய் டிரம்ஸ்காரர் முகத்தில் விழுந்தது. என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

பாட்டு நின்றது.

அவர் வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்துப் புடைத்து அடங்கியது. குச்சி ஒன்று கையிலிருந்து உருண்டு விழுந்தது. முகத்தில் வேர்வை வழிய, நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்கிறவனைப் போல அவர் எங்களைப் பார்த்தார். கண் பட்டால் தொண்டை மூடிக்கொள்ளும் என்று அவர் சொன்னது உண்மை. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. தாடிமேல் வந்ததைவிட அதிகம். “என்னங்க பண்ணி வச்சீங்க?” என்றாள் மனைவி. அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டாள்.

தாடி திரும்பிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து அந்த வரியைப் பாடினார். இரண்டாவது சொல்லிலேயே மேல் பல் செட் நழுவியது. கையில் பிடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பொக்கை வாயோடு எச்சில் தெறிக்கப் பாடினார். கண்றாவியாக இருந்தது. சிரிப்பு எழுந்தது, சீழ்க்கை எழுந்தது, விளக்குக்காரன் பதறிப்போய் வெளிச்சத்தைத் தாடிமேல் திருப்பினான். பின்னால் இருட்டு வந்தது. அந்த இருட்டிலிருந்து, கொஞ்ச நேரம் கழித்து, மெல்லிய சீட்டியோடு மிச்சப் பாட்டு வந்தது. தாடி கடைசிவரை வாயை மூடவில்லை.

அவர் காப்பாற்றியது நண்பனையா, தன்னையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி, “இப்ப சொல்லுங்க, உங்களுக்கு யாரு?” என்று கேட்டாள். ஒருத்தருமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்கும்போதே தாடி வாசலில் உட்கார்ந்திருந்தார், பின்னால் துண்டோடு டிரம்ஸ்காரர். அழுக்குக் கைக்குட்டையில் சுருட்டிய பல் செட்டை என் மேசைமேல் எறிந்தார். “எழவு பல்லு கட்டியிருக்கே. இறுக்கிக் குடு” என்றார். சொல்லிவிட்டு என் புதுக் கன்னத்தைப் பார்த்து, “இந்த மூஞ்சிக்கு அந்தத் தாடியே தேவலை” என்றார்.

கைக்குட்டையைப் பிரித்தேன். பல்லில் புகையிலைத் துணுக்கும் சட்டைப்பை நூலும் ஒட்டியிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷை எடுத்து, குழாயடியில் அதைத் துலக்க ஆரம்பித்தேன்.