அதே கம்பிதான்

நாடு, மதம், பணம் என்று மனித குலத்தைப் பிரித்ததெல்லாம் வெட்டி வேலை. தடித்த கம்பி போட்டுக் கிட்டார் வாசிப்பவர்கள், மெல்லிய கம்பி போட்டுத் தடவிக்கொடுப்பவர்கள் என்று உலகில் இரண்டே இனங்கள்தான் உண்டு. இரண்டாவது இனத்தை மனிதக் கணக்கில் சேர்த்தது எழுத்துப் பிழை. கல்லூரிக் கேண்டீனில் ஒரு நாற்காலியில் இருவராக உட்கார்ந்திருந்த வேளையில் அறிஞர் இதை அறிவித்தார். எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்ததால் வகுப்பில் அவருக்குக் கேலியாக வைத்த பெயர்தான் அறிஞர். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதவிடக் கேவலம், என்ன கம்பி போடலாம்னு இன்னொருத்தன்கிட்ட கேக்கறது. தன் பேர் என்னன்னு பக்கத்து வீட்டுல போய்க் கேக்கற மாதிரி."

"சரி, உன் விரல் ஏன்டா இப்படிக் கொப்பளிச்சிருக்கு?" என்றான் நாற்காலியின் மறுபாதியில் இருந்த நண்பன்.

"கலை," என்றார் அறிஞர்.

கிட்டார் அறிஞருடையது இல்லை, அவருடைய அக்காவுடையது. முடி வெட்டும் நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் அக்கா, கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவள் கை மாவுக்கட்டில் கிடந்த காலத்தில் கிட்டார் சும்மாதானே இருக்கிறது என்று அறிஞர் அதைக் கல்லூரி விழாவுக்குத் தூக்கிப் போனார். கம்பி அட்டைகளில் ஓர் எண் இருக்கும். பத்து என்றால் மெல்லியது. எண் ஏற ஏறத் தடிப்பு கூடும். பதிமூன்றுக்கு மேல் கடையில் இல்லாததால் அறிஞர் பதிமூன்றோடு நிறுத்திக்கொண்டார். அக்காவின் பழைய கம்பிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அதை மாட்டினார். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டிய எஃப் கார்டு என்ற சுரக்கூட்டு மட்டும் அவருக்கு வரவேயில்லை. எஃப் என்பதே ஒரு வெற்று ஆடம்பரம் என்று முடிவுகட்டி, அது இல்லாத பாட்டுகளாகப் பார்த்து வாசித்தார். கைத்தட்டலும் கிடைத்தது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது அக்காவுக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அவள் அமுக்கினாள். ஆனால் பந்தின் பேச்சை அவள் நம்பவில்லை. முடி வெட்டும்போது கத்தரி வலது கையில் இருந்தாலும் வேலை இடது கையில்தான் இருக்கிறது: இரண்டு விரல்களுக்கு நடுவே முடியை இழுத்து, அசையாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி நழுவினால் கத்தரி காதைத் தேடிப் போகும். ஆகவே அவளாக ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். எஃப் சுத்தமாக ஒலிக்கும் நாளில் வேலைக்குத் திரும்புவது.

"கம்பி புதுசா இருக்கே?" என்றாள் முதல் நாள்.

"பழசு துருப்பிடிச்சிடுச்சுக்கா. மாத்திட்டேன்."

"அட, உனக்குக்கூடப் பொறுப்பு வந்துடுச்சா! அதே கம்பிதானே?"

"அதே கம்பிதான்."

தும்மலைவிடச் சின்னதாகத்தான் அந்தப் பொய் வெளியே வந்தது.

அக்கா தினமும் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்து அழுத்தினாள். தகர டப்பாவைத் தட்டியது போல டொக் டொக்கென்று வந்தது. கையை உதறிவிட்டு மறுபடியும் அழுத்தினாள். அடுத்த அறையில் அறிஞர் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்; அதில் எதுவும் ஓடவில்லை. சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். சாப்பிட்டபின் சொல்லலாம், அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று இருந்தார். நல்ல மனநிலையில் இருந்தபோது, அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

அப்படி விட்ட ஒரு மதியம், அக்கா கூடத்தில் நின்று நிலையத்தின் முதலாளியம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வலியெல்லாம் இல்லைங்க மேடம். பிடிதான் வரல... இல்ல, இனி வரும்னு தோணல. எனக்காகக் காத்திருக்காதீங்க, வேற ஆள் பாத்துக்கங்க. என் கத்தரி, சீப்பெல்லாம் நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

குரல் உடையவில்லை. கடைக்காரரிடம் பால் வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. அறிஞர் என்ற பட்டம் இனி இந்தக் கதைக்கு உதவாது. அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இசைக் கடைக்கு ஓடினான்.

"என்ன தம்பி, பதிமூணும் பத்தலையா? மின்கம்பிதான் வாங்கணும் இனி," என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. அழுத்தறதுக்குச் சுலபமா ஒண்ணு."

"அப்படி வா வழிக்கு! பத்து போடு. மூச்சு விட்டாலே எஃப் கேக்கும்."

அட்டையைக் கையில் வாங்கினான். எவ்வளவு சுலபம்! அக்கா குளிக்கப் போகும்போது மாற்றிவிடலாம். மாலையில் எஃப் ஒலிக்கும், அவள் சிரிப்பாள், முதலாளியம்மாவுக்குப் போன் போகும், யாருக்கும் எதுவும் தெரியாது. நாளை யாரோ ஒருவர் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, காதை அவளை நம்பி ஒப்படைப்பார். கை உண்மையிலேயே தேறவில்லை என்றால்? முன்பு அவளை ஏமாற்றியது தடித்த கம்பி. இப்போது மெல்லிய கம்பி ஏமாற்றும். பத்தைத் திருப்பி வைத்தான். பழைய கம்பியையே போட வேண்டும். அது பதினொன்றா, பன்னிரண்டா? கழற்றிய நாளில் அவன் பார்க்கவேயில்லை.

"அண்ணே, எங்கக்கா என்ன போட்டிருந்தாங்கன்னு உங்களுக்கு..."

"நல்லா கேட்ட போ! வீட்டுல இருக்கறவங்களக் கேக்காம என்னை வந்து கேக்கறியே."

இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அக்கா மடித்த துணிகளின் நடுவே உட்கார்ந்திருந்தாள். அட்டைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீ எப்பவும் என்ன கம்பி போடுவ?"

"அதான் அதே கம்பி போட்டேன்னு சொன்னியே."

"போடல. பதிமூணு போட்டிருக்கேன். விழாவுக்காக. என்னாலயும் அதுல எஃப் வாசிக்க முடியலக்கா."

அக்கா இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் ஆறு கோடுகள் சிவந்து பதிந்திருந்தன. "அப்ப என் கை..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"தெரியலக்கா. நல்லாயிடுச்சான்னு எனக்குத் தெரியல."

அவள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பான். கையை நீட்டினாள். அவன் இரண்டு அட்டைகளையும் கொடுத்தான். பதினொன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் துணிகளின் மேல் போட்டாள். கிட்டாரை எடுத்துவந்து அவன் கம்பியைத் தளர்த்தப் போனபோது, "தள்ளு. நீ தொடாத," என்றாள். சற்றுப் பொறுத்து, "கிட்டார் உடம்ப மட்டும் பிடி," என்றாள்.

பிடித்துக்கொண்டான். பதிமூன்றைக் கழற்றியானதும் புதுக் கம்பிகள் தாளுறையிலிருந்து வெளியே வந்து தரையில் சுருண்டு கிடந்தன.

"இப்ப எந்தக் கம்பிக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் முகவாயால் காட்டினாள். எடுத்துக் கொடுத்தான். இடது கையால் அவள் முறுக்காணியைத் திருகத் தொடங்கினாள். தொளதொளவென்று கிடந்த கம்பி விறைத்து, முனகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏறியது. அவள் மணிக்கட்டு நடுங்கியது எலும்பாலா, கோபத்தாலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கிட்டாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எது என்று கேட்பதற்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.