நான் திருத்திய வாக்கியம்

எனக்கு முன்கோபம் அதிகம். அதை மறைப்பானேன். என் பெயர் அடைக்கலமேரி, சொந்த ஊர் ஜெகதாப்பட்டினம். கடற்கரையில் பிறந்தவளுக்கு முதல் வேலை அன்னவாசலுக்கு அங்கிட்டு ஒரு கண்மாய்க்கரை ஊரில் கிடைத்தது. நான் ஒருத்திதான் டீச்சர். மண்சுவர், ஓலைக்கூரை, நாற்பத்தோரு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தின் பின்சுவருக்கும் கண்மாய்க் கரைக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடம்தான் இருக்கும். ஊரும் கரைக்குக் கீழே பள்ளத்தில்தான் இருந்தது. மேடு என்று சொல்ல ஊருக்கு வெளியே ஒரு பாறை மட்டும்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மாதம். ஆறு நாளாக மழை விடவில்லை. மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கல் வந்திருந்தது. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அவர் எழுதப்போகிற நாலு வரியில்தான் என் பிழைப்பு இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு, உயிரில்லாத பொருளை மனிதராக்கிச் சொல்கிற பாடம். 'காற்று கதவைத் தட்டியது', 'நிலா எட்டிப் பார்த்தது' என்று சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன்.

ராமு 'அடுப்பு தூங்குகிறது' என்று எழுதியிருந்தான். பரவாயில்லையே என்றிருந்தது. செவந்தி எழுதியிருந்தது இது: 'கண்மாய் ஆத்தா கிளம்புறா.'

செவந்திக்குப் பத்து வயது. அவள் அப்பா நாகராசு கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கிறவர். நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தார். அவருக்குப் பதில் காலையில் இந்தப் பெண்தான் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ஏ புள்ள, இப்படியா எழுதுவ? ஆத்தாவாம், கிளம்புறாளாம். இன்ஸ்பெக்டர் பாத்தா சிரிக்க மாட்டாரா?" என்று அதை அடித்துவிட்டு, 'கண்மாய் அன்னை புறப்படுகிறாள்' என்று சிவப்பு மையில் எழுதினேன். "இத பத்துத் தடவ எழுது."

"அப்படிச் சொன்னா யாருக்கும் வெளங்காதுங்க டீச்சர்."

"எதிர்த்துப் பேசுறியா?"

"இல்லீங்க. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் பாறைக்குப் போயிருவோம் டீச்சர். இங்கிட்டு இருக்க வேணாம்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மழையில் பாறைக்குப் போக வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் வருகிற நேரத்தில் இவள் நாட்டாமை. பின்வாசலில் போய் நில் என்றேன். போனவள் நிற்கவில்லை. திரும்பி ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"கரையடியில கசியிற தண்ணி கலங்கலா வருதுங்க டீச்சர். காலையில தெளிவாத்தான் வந்துச்சு."

காதைத் திருகிக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்றுதான் அவளோடு பின்னால் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கரையின் அடியில் என் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து செம்மண் தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டையின் ஓரத்தில் ஒரு கட்டி மண் பிய்ந்து விழுந்தது.

"கரை உடையப் போகுதா?" என்றேன்.

செவந்தி எம்பி என் வாயைப் பொத்தினாள். அவள் கை சில்லென்றிருந்தது. "அந்தச் சொல்லச் சொல்லாதீங்க டீச்சர். நெறஞ்சு நிக்கையில சொல்லக் கூடாது. ஆத்தா காதுல விழுந்துரும்."

வகுப்பிலேயே பெரியவளான அழகியிடம் பிள்ளைகளை ஒப்படைத்துப் பாறைக்கு விரட்டினேன். செவந்தி அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு ஓடினாள். நான் தெருவுக்குள் ஓடினேன். செருப்பு சேற்றில் போனது போனதுதான்.

"கரை உடையுது. எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினேன்.

முதல் வீட்டில் காத்தாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தூளியில் கைக்குழந்தை. அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வாயக் கழுவுங்க டீச்சரம்மா. தண்ணி நெறஞ்சு நிக்கையில என்ன பேச்சு இது?"

எதிர்வீட்டுச் சோலையப்பன், "மாதா கோயில் வேதக்காரவுகளுக்கு நம்ம கண்மாயப் பத்தி என்ன தெரியும்?" என்று கதவைச் சாத்தினார். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தரையில் துப்பினார்கள். ஒருவரும் அசையவில்லை. உடையுது, உடையுது என்று நான் கத்தக் கத்தக் கதவுகள்தான் சாத்திக்கொண்டன. பாவிகளா, செத்துப்போவீர்களே என்று அழுகை வந்தது. இத்தனை பேரும் என் கண் முன்னாலேயே போகப்போகிறார்கள்.

அப்போதுதான் நான் அடித்துத் திருத்திய வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதை அப்படியே கத்தினேன்.

"கண்மாய் ஆத்தா கிளம்புறா."

காத்தாயி கையிலிருந்த முறம் விழுந்தது. அரிசி வாசலெல்லாம் சிதறியது. அவள் தூளியிலிருந்து குழந்தையை அள்ளியபடி, "ஆத்தா கிளம்புறாளாம்" என்று அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அது வீடு வீடாகப் போனது. சோலையப்பன் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தன் ஆத்தாவை முதுகில் தூக்கிக்கொண்டார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவில் கோழிகள் மட்டும்தான் நின்றன.

பாறையில் ஏறிப் பிள்ளைகளை எண்ணினேன். நாற்பது. திரும்ப எண்ணினேன். நாற்பதுதான். செவந்தி இல்லை. கீழே இறங்கப் போனவளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவளைக் கடைசியாக என்ன சொல்லித் திட்டினேன் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. மாதாவே, அந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடு, இனி ஒரு பிள்ளையையும் வையமாட்டேன் என்று வேண்டினேன்.

மழைக்குள்ளிருந்து நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்துகொண்டு மேலே ஏறி வந்தார்கள். கட்டிலில் நாகராசு. பக்கத்தில் அவர் முகம் நனையாமல் சாக்கைப் பிடித்துக்கொண்டு செவந்தி. அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் கட்டிலை இறக்கி வைப்பதற்குள் கீழே சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்துக் கூரை முழுசாக மிதந்து போனது. பின்னாலேயே தெரு போனது. அவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் பள்ளமும் தண்ணீரும்தான் இருந்தன. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். கண்மாய்க்குள் இன்னும் கால்வாசித் தண்ணீர் நின்றது. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"கண்மாய் ஆத்தா கிளம்பிட்டா, சார்" என்றேன்.

சொல்லிவிட்டுச் செவந்தியைப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினாள்.