பிடிக்கலை

மகள் பால் குடிக்கும் சத்தத்தைப் பற்றித் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தான் தையற்காரன். வாய் வைத்த உடனே ‘டிக், டிக், டிக்’ என்று ஆரம்பித்துவிடுவாள். சுவர்க் கடிகாரம் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும். அதனாலேயே பிள்ளைக்கு ‘டிக்டிக்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. யோசித்து யோசித்து வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சீண்டவில்லை.

இத்தனை சத்தமாகக் குடித்தும் டிக்டிக்கின் உடம்பில் எதுவும் ஒட்டவில்லை. தராசில் வைத்தால் முள் நகர மறுத்தது. குடித்து முடித்த கையோடு மறுபடி பசி, மறுபடி அழுகை. அவன் மனைவிக்கு மார்பில் புண். பிள்ளையைத் தூக்கும்போதே பல்லைக் கடித்துக்கொள்வாள்.

“எனக்குப் பால் பத்தலை போலங்க.”

“சும்மா இரு. பத்தலைன்னா இவ்வளவு சத்தம் எப்படி வரும்?”

தன் மெஷினில் இப்படி ஒரு சத்தம் வந்தால் காலை எடுத்துவிட்டு நூல் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பவன் அவன். மகள் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டான். அப்பன் ஆன புதிதில் ஆண்களுக்கு மூளை கொஞ்சம் லீவில் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தருவதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குழந்தை குடிப்பதை உட்கார்ந்து பார்த்தாள்.

“இந்தச் சத்தம் எப்பலேர்ந்து?”

“பொறந்ததுலேர்ந்தே சிஸ்டர்!” என்றான் தையற்காரன், மெடல் வாங்கப் போகிறவனாட்டம்.

“அது குடிக்கிற சத்தம் இல்லைங்க. பிடி நழுவுற சத்தம். பிள்ளை சரியா பிடிக்கலை.”

பெருமை புஸ்ஸென்று இறங்கியது. நர்ஸ் கையைக் கழுவி, உறை மாட்டிய விரலால் டிக்டிக்கின் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடியில் மெல்லிய சவ்வு ஒன்று, நாக்கு நுனியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. பிள்ளை வீறிட்டபோது நாக்கு நடுவில் மடிந்ததே தவிர வெளியே வரவில்லை. தையற்காரன் ரொம்பக் கிட்டே போய்ப் பார்த்ததில், நர்ஸ் அவன் தலையை ஒதுக்கிவிட வேண்டியிருந்தது.

“நூல் மாதிரி இருக்கே!”

“ஒட்டு நாக்குன்னு சொல்வாங்க. அந்தச் சவ்வு எல்லாருக்கும் இருக்கும், சிலருக்குக் கட்டையா போயிடும். கீழ் ஈறைத் தாண்டி நாக்கு வந்தாதான் மார்பைப் பிடிச்சு இழுக்க முடியும். வரலைன்னா பிடிக்கும், நழுவும், பிடிக்கும், நழுவும். அதான் உங்க டிக் டிக்.”

“இப்ப என்ன பண்றது?” என்று கேட்டாள் மனைவி.

“ஒட்டு நாக்கு இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் எதுவும் பண்ணணும்னு இல்லை. நல்லா குடிச்சா விட்டுடுவோம். முதல்ல வச்சுக்கிற விதத்தை மாத்திப் பாருங்க. அதுலயும் சரியாகலைன்னா, டாக்டர் அந்தச் சவ்வை லேசா வெட்டிவிடுவாங்க. சட்டுனு முடிஞ்சிடும்.”

“எதால?”

“கத்தரியால.”

நாள் முழுக்கக் கத்தரியும் கையுமாக இருக்கிறவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நர்ஸ் அதைக் கவனிக்காதவள்போல, “குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?” என்று கேட்டாள்.

“எங்க வீட்ல எல்லாருக்கும் வாய் நீளம் சிஸ்டர்.”

“நீட்டுங்க, பாப்போம்.”

நீட்டினான். நர்ஸ் காத்திருந்தாள். மனைவியும் காத்திருந்தாள்.

“நீட்டுங்க.”

“நீட்டிட்டேனே!”

“நீட்டிட்டீங்களா?”

கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் போய்ப் பார்த்தான். நாக்கு, கீழ்ப் பல்வரிசைக்கு மேலே வெட்கப்பட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தது. மனைவி தன் நாக்கை நீட்டினாள். அது உதட்டைத் தாண்டி முகவாய்ப் பக்கம் சர்வ சாதாரணமாக இறங்கியது. வித்தை காட்டுகிறவளைப் பார்ப்பதுபோல வாயைப் பிளந்தான் தையற்காரன். இத்தனை வருஷமும் எல்லாருக்கும் தன்னுடையது மாதிரிதான் என்று நினைத்திருந்தான். அடுத்தவன் வாய்க்குள்ளே யார் போய்ப் பார்க்கிறார்கள்?

“அப்ப அந்தத் தண்ணிக் கிண்ணம்?” என்றாள் மனைவி.

கடையில் அவன் மெஷின் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். மற்ற தையற்காரர்கள் நூல் முனையை நாக்கில் தொட்டு ஊசியில் கோப்பார்கள். இவன் தண்ணீரில் தொட்டுக் கோப்பான். ‘சுத்தக்காரன்’ என்று வாடிக்கையாளர்கள் மெச்சுவார்கள். அவனும் அந்தப் பட்டத்தைக் கூசாமல் வாங்கி வைத்திருந்தான். சுத்தமாவது ஒன்றாவது, நாக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, நர்ஸ் காட்டியபடி பிள்ளையைச் சாய்த்து, நிமிர்த்தி, அக்குளோரம் இடுக்கி எல்லா விதமாகவும் பார்த்தார்கள். மனைவிக்கு வலி கொஞ்சம் குறைந்தது. டிக் டிக் குறையவில்லை, முள்ளும் நகரவில்லை. மறுபடி போனபோது நர்ஸ், “வெட்டிடறதுதான் நல்லது. நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

“எனக்கும் இதேதானே, நான் வளரலையா?” என்றான் அவன். “பச்சப் புள்ள வாயில கத்தரி வைக்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.”

மனைவி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

சம்மதிக்க மாட்டேன் என்றானே தவிர, விஷயம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. கடைக்கு வந்தவர்களை எல்லாம் நாக்கை நீட்டச் சொல்ல ஆரம்பித்தான். கால்சட்டை சுருக்கக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் நாக்கால் மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டினான். பள்ளிக்கூட டீச்சர் வெளியே எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு நீட்டினார். தபால்காரர் மட்டும், “காலையிலயே போட்டுட்டியாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆளுக்கொரு நீளம், ஆளுக்கொரு அகலம். இவ்வளவு தினுசு இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. தன்னைப்போல ஒருவரும் கிடைக்கவில்லை.

அப்படியானால் தான் எப்படிக் குடித்தோம்? அக்காவுக்குப் போன் போட்டான். அவனைவிட அவள் ரொம்பப் பெரியவள், ஞாபகம் இருக்கும்.

“நீயா?” அக்கா சிரித்தாள். “நீ எங்கடா குடிச்சே? வாய் வைப்பே, கத்துவே. பாட்டில் பாலைச் சொட்டுச் சொட்டா ஊத்தித்தான் உன்னைத் தேத்துனாங்க. பொறந்தவுடனே உனக்கு அம்மா மேல கோபம்னு நாங்க கேலி பண்ணுவோம்.”

“அம்மா என்ன சொல்வாங்க?”

அக்காவின் சிரிப்பு நின்றது. “அம்மா அந்தக் கேலிக்குச் சிரிச்சதே இல்லைடா. நீ பொறந்த ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா பாத்துட்டு, ‘பிள்ளை பிடிக்கலை’ன்னு சொல்லிட்டுப் போனாங்களாம். அது அம்மா மனசுல அப்படியே தங்கிடுச்சு. ‘என் பால் அவனுக்குப் பிடிக்கலை, என்னையே பிடிக்கலை போல’ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா.”

தையற்காரன் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். பிள்ளை பிடிக்கலை. இதே வார்த்தையை இந்த நர்ஸும் சொன்னாள். வாயால் பிடிக்கவில்லை என்று சொன்னாள். அம்மா அதை மனசால் பிடிக்கவில்லை என்று வாங்கிக்கொண்டுவிட்டாள். நின்று விளக்கிச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

அவன் வளர்ந்து ஆளான பிறகும், தட்டில் எது வைத்தாலும் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு “பிடிச்சிருக்காடா?” என்று கேட்பாள். ஒவ்வொரு வேளையும் கேட்பாள். சமையலைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, வாயில் சோற்றோடு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறான். அவள் என்ன கேட்டாள் என்பது இப்போதுதான் புரிந்தது. அவளுக்குப் பதில் சொல்லலாம் என்றால், அவள் செத்துப்போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான். உள் அறையில் டிக் டிக் கேட்டது, பிறகு அழுகை கேட்டது. மனைவி பிள்ளையின் முகத்தோடு முகம் வைத்து, “அம்மாவைப் பிடிக்கலையாடி உனக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குக் கேட்ட கேள்வியில்லை அது. அவள் கன்னம் நனைந்திருந்தது.

“கிளம்பு,” என்றான். “டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்.”

டாக்டர் நிதானமான அம்மாள். “பாக்கிறீங்களா, வெளியே நிக்கிறீங்களா?” என்றார்.

“பாக்கிறேன்.” பயத்தை மீறிக்கொண்டு தொழில் புத்தி முந்தியது. “கத்தரியைக் காட்டுங்க.”

காட்டினார். சின்னது. முனை மழுங்கலாக, உருண்டையாக இருந்தது. குத்தாது.

“வெட்டுற வாய் நல்லா கூரா இருக்கா?”

“உங்க கடைக்கு அனுப்பட்டுமா?” என்று சிரித்தார் டாக்டர்.

டிக்டிக்கைத் துணியில் சுற்றினார்கள். நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நாக்கைத் தூக்கினார். அவன் சட்டைக் காஜாவில் நூல் பிசிறைக் கத்தரிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு வீறிடல், பஞ்சில் ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். உடனே பிள்ளையை மனைவியின் மார்பில் கொடுத்தார்கள்.

டிக், டிக் என்றது. அவன் மனசு விட்டுப்போயிற்று.

“பொறுங்க,” என்றாள் நர்ஸ். “புது நாக்கு, பழகணும்.”

டிக். பிறகு ஒன்றுமில்லை.

“சத்தத்தையே காணோமே!” மனைவி பதறினாள். “தூங்கிட்டாளா?”

“காதைக் கிட்ட வச்சுக் கேளுங்க.”

தையற்காரன் குனிந்து காதைக் கொண்டுபோனான். மடக்... கொஞ்சம் இடைவெளி. மடக். தொண்டையில் பால் இறங்கிக்கொண்டிருந்தது. வேலை ஒழுங்காக நடந்தால் சத்தமே வராது என்பது அவனுக்குத் தெரியாத சங்கதியா?

“வலிக்கலைங்க,” என்றாள் மனைவி. குனிந்து மகளைப் பார்த்தாள். “பிடிச்சிருக்காடி?”

டிக்டிக்குக்குப் பதில் சொல்ல வாய் ஒழியவில்லை.

“பிடிச்சிருக்கும்மா,” என்றான் தையற்காரன். “ரொம்பப் பிடிச்சிருக்கும்மா.”

தன்னிடம்தான் சொல்கிறான் என்று நினைத்து மனைவி சிரித்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் குடிக்கும் மகளைக் கேட்டுக்கொண்டே நின்றான்.