ஸ்டியரிங்கில் தொங்காத டோக்கன்

கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் கைப்பையைத் துழாவினேன். பித்தளை டோக்கன் கையில் தட்டுப்பட்டது.

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது என் மாமனார் மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போகும் டோக்கன் அது. ஆள் பத்திரமாக மேலே வந்தால்தான் அது ஆணியை விட்டு இறங்கும். என் வீட்டுக்காரர் கிறிஸ்டோபரும் அதே பழக்கத்தை பொம்மனஹள்ளியில் தன் மெக்கானிக் ஷெட்டில் வைத்திருந்தார். ஒரு வண்டியின் சக்கரத்தைப் பிரித்தால் டோக்கனை ஸ்டியரிங்கில் மாட்டுவார். வேலை முடிந்து, நட்டு கழலாமல் குறுக்கே ஸ்ப்ளிட் பின் செருகிய பிறகுதான் எடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது.

நான் தொட்டுவிட்டேன்.

நேற்று அத்திபெலே முனிராஜ் அண்ணனின் அப்பா காலத்து டிராக்டர் வந்திருந்தது. கல்யாணப் பெண்ணான அவர் மகள் வைஷ்ணவி அதில் உட்கார்ந்துதான் மண்டபத்துக்குப் போவாளாம். முன்சக்கர பேரிங் இரண்டும் கரகரவென்று அரைத்தன. இவர் அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை அப்பி, ஆற அமர ஏற்றிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடது சக்கரத்தில் நட்டை மாட்டியதும், ரோட்டில் ஒரு லாரி நின்றுபோனது என்று யாரோ கூப்பிட, அப்படியே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து முனிராஜ் அண்ணன் போட்டோ எடுக்க வந்தார். ஸ்டியரிங்கில் பிசுக்கோடு தொங்கிய டோக்கன் அசிங்கமாக இருந்தது. துடைத்துப் பைக்குள் போட்டேன், மறந்தும்போனேன். இவர் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பார்த்தார். சக்கரத்துக்கு மூடியைத் தட்டி, வண்டியை அனுப்பிவிட்டார்.

டோக்கனோடு அவரிடம் ஓடினேன். "ஏங்க, நேத்து இடது சக்கரத்துக்குப் பின் போட்டீங்களா?"

"ஸ்டியரிங்ல டோக்கன் இல்லியே. போட்டுட்டுத்தான் எடுத்திருப்பேன்."

டோக்கனை நீட்டினேன். "நாந்தான் எடுத்தேன்."

அவர் முகம் வெளுத்தது. ஸ்பேனர் பையையும் ஜாக்கியையும் ஸ்கூட்டரில் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பின்னால் உட்கார்ந்து முனிராஜ் அண்ணனுக்குப் போன் அடித்துக்கொண்டே போனேன். கல்யாண வீட்டில் யார் எடுப்பார்கள்? வழியில் சந்தாபுரத்தில் வண்டிகள் அசையவில்லை. "பஸ்ஸுக்குப் பின்னாடி இன்னாத்துக்கு நிக்கிறீங்க, அந்த ஓரமா விடுங்க" என்று அவர் முதுகைக் குத்திக்கொண்டே இருந்தேன். சக்கரம் தனியாக ஓடுவதும், பட்டுப்புடவையோடு அந்தப் பெண் கீழே கிடப்பதும் கண்ணுக்குள் வந்து வந்து போயின. பயத்தில் எனக்கு வாய் ஓயவில்லை.

அத்திபெலே கோயில் வாசலில் டிராக்டர் புறப்பட்டுவிட்டிருந்தது. ஓட்டியவர் முனிராஜ் அண்ணன். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக வைஷ்ணவி. ஸ்கூட்டர் நிற்பதற்குள் குதித்து ஓடி, டிராக்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா ஹெலன், முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. சொல்ப நகரும்மா."

"நகர மாட்டேன் அண்ணே. பொண்ண எறக்குங்க."

மேளம் நின்றது. அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கிறிஸ்டோபர் வெள்ளை வேட்டியோடு புழுதியில் மண்டியிட்டு மூடியைக் கழற்றினார். மூடிக்குள்ளேயே நட்டும் கழன்று வந்தது. முனிராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். மகளை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே இறக்கினார்.

"டோக்கன் குடு" என்றார் இவர்.

கொடுத்தேன். ஸ்டியரிங்கில், மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஜாக்கி வைத்தார், நட்டை இறுக்கினார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். பின்னைச் செருகி இரண்டு முனையையும் வளைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தொட்டுப் பாரு."

குனிந்து இரண்டு முனையையும் தொட்டேன். விரலெல்லாம் கிரீஸ். அவர் மூடியைத் தட்டினார்.

"இப்போ நீயே எடு."

எடுத்தேன். வைஷ்ணவி மறுபடி ஏறிக்கொண்டாள். எல்லோரும் மேளத்தோடு முன்னால் போனார்கள். நான் டோக்கனைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி, மண்டபம் வரைக்கும் அந்த இடது சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தேன்.