தனி ஒயர் கேட்காத கார்டு

1

இந்தக் கதை ஒரு கம்ப்யூட்டர் கடையில், ‘தாங்காது’ என்ற ஒரே சொல்லில் பிறந்தது. கடைக்காரர் பழைய பெட்டியின் பவர் சப்ளையைப் பற்றித்தான் சொன்னார். அதே சொல்லை அவள் போன வருடம் ஆபரேஷன் அறைக்கு வெளியே, ஒரு மருத்துவர் வாயால் கேட்டிருந்தாள்.

(‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன், வரி நகரவில்லை. ‘அவள்’ என்றால் கொஞ்சம் நகர்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

வேறு தொடக்கம்: அவள் கணவர் வீட்டு வரைபடம் போடுகிறவர். ஊரார் வீடுகளையெல்லாம் வரைந்துவிட்டு, ஓய்ந்த வேளைகளில், கட்டவே போகாத தங்கள் வீட்டைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினார். மவுஸைத் தள்ளினால் கூடத்தில் நடக்கலாம். சமையலறை நிலைப்படிக்கு வந்ததும் படம் உறைந்துவிடும். படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு கிழடு தட்டிப்போயிருந்தது.

“உள்ள உனக்கு ஒன்னு வச்சிருக்கேன். நல்ல கார்டு போட்டதும் பாரு.”

“இப்பவே சொன்னா என்னவாம்?”

“சொன்னா நீ சண்டைக்கு வருவ.”

அதற்குப் பிறகு அவர் [இந்த வாக்கியம் வேண்டாம்.]

3

கொழுந்தன் விவரமானவன். (கதைக்காக அவனைக் கொஞ்சம் முரடனாக்கப் பார்த்தேன். அடுக்காது, விட்டுவிட்டேன்.)

“டிஸ்க்கக் கழட்டி என் மெஷின்ல போட்டா சட்டுனு பாத்துரலாம், அண்ணி. இந்த டப்பாவோட ஏன் மாரடிக்கிறீங்க?”

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள்தான் அவனைக் காப்பாற்றினாள்.

“என் கிச்சனப் பாக்க உன் வீட்டுக்கு வரணுமாக்கும்?”

அந்தப் பெட்டி, ஆன் செய்ததும், பேசத் தொடங்குமுன் ஒருவர் செருமுவதைப் போலச் செருமும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

4

கடைக்காரர் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார்.

“பெருசு போட்டா படம் வழுக்கிட்டு ஓடும்மா. ஆனா தாங்காது, பெட்டியவே மாத்தணும். இந்தச் சின்னது தனி ஒயர் கேக்காது. போர்டுலேர்ந்தே கரண்ட்ட எடுத்துக்கும். ஆமை மாதிரிதான் போகும்.”

“போகும்ல?”

“போகும்னுதான் நெனைக்கிறேன். பழசு பாருங்க, சத்தியம் பண்ண முடியாது.”

“சின்னதே குடுங்க. எனக்கென்ன அவசரம்.”

5

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில், சமையலறையில் அவள் வருடக்கணக்காகக் கேட்ட ஜன்னல் இருக்கிறது. இன்னொன்றில் வெறும் சுவர். (இதுதான் நிஜமாக இருக்கும். வேலையைத் தள்ளிப்போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை.) மூன்றாவதில் பெட்டி புகைந்து, எல்லாம் போகிறது. மூன்றையும் அடித்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது.

கார்டு மாட்டியாகிவிட்டது. பெட்டி செருமிக்கொண்டது. கூடம் மெல்ல மெல்ல நகர்ந்தது. நிலைப்படியில் நிற்கிறேன். (நிற்பதற்கு ‘நான்’ போதும்.) படம் உறையவில்லை.

இனி மவுஸ் உங்கள் கையில். உள்ளே போய்ப் பாருங்கள். என்ன இருந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் சண்டைக்குப் போவேன், எதிரில் ஆள் இல்லை.