சூடு போன வழி

இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய துரை பங்களாவின் பாய்லருக்கு நெருப்புப் போடுகிறவள் அம்மாக்கண்ணு. புகை வீட்டுக்குள் வரக்கூடாதென்று பாய்லரைப் புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து மண்ணுக்குள் புதைத்த குழாய் வழியாகச் சுடுநீர் குளியலறை ஷவருக்குப் போகும். செடிகளைக் கவ்வாத்து வெட்டியபோது விழுந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை அடுக்கி, விடிவதற்குள் அவள் பற்றவைத்துவிடுவாள்.

அந்தத் தை மாதம் ஷவரில் சூடு குறையத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு நாளுக்கு நாள் கூடுதலாக. முட்டி வாதத்தோடு கஷ்டப்படும் துரைசாணி நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டு வந்தாள்.

“நெருப்பு சரியா போடுறது இல்ல. வெறகு மிச்சம் புடிக்கிறியா?” என்றார் துரை, தோட்டத்தில் பழகிய தமிழில்.

“இல்லீங்க தொரை. கொட்டகைக்கு வந்து பாருங்க. கிட்ட நிக்க முடியாதுங்க.”

துரை வரவில்லை. குழாய் வேலையும் பார்க்கும் பேக்டரி பிட்டர் ஆண்டியப்பனை அனுப்பினார்.

ஆண்டியப்பன் பாய்லருக்குப் பக்கத்திலிருந்த குழாயைத் திறந்து விரலை வைத்தார். சட்டென்று இழுத்து உதறினார். பங்களாவுக்குள் போய் ஷவரைத் திறந்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர் எங்காவது கலக்கிறதோ என்று பச்சைத் தண்ணீர்க் குழாயை அடியோடு அடைத்துப் பார்த்தார். அப்போதும் அதே வெதுவெதுப்பு.

“ஒன் மேல குத்தமில்ல, அம்மாக்கண்ணு. இங்க கொதிக்குது. அங்க போறதுக்குள்ள சூடு எங்கயோ எறங்கிப் போகுது.”

“குழா ஒடஞ்சு ஒழுகுதாண்ணே?”

“ஒழுகுனா ஷவர்ல வேகம் கொறையணும். வேகம் அப்படியே இருக்கு. அதான் எனக்கு வெளங்கல.”

தோண்டிப் பார்க்கலாமா என்று ஆண்டியப்பன் கேட்டதற்கு, புல்வெளி முழுவதையும் கிளறவிட மாட்டேன் என்றார் துரை. இடத்தைக் காட்டிவிட்டுத் தோண்டு என்றார்.

இரண்டு நாள் கழித்து உறைபனி விழுந்தது. அம்மாக்கண்ணு நெருப்பை மூட்டிவிட்டு, வெளிச்சம் பரவும் நேரத்தில் கொட்டகைக்கு வெளியே வந்தாள். புல்வெளி சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. அந்த வெள்ளையின் நடுவே, கொட்டகையிலிருந்து பங்களா வரை, புடவைக் கரையைப் போல ஒரு பச்சைக் கோடு. குழாய் போகும் தடம். அந்தக் கோடு ஓரிடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு விரிந்திருந்தது. அங்கே புல்லுக்குள்ளிருந்து வெண்மையாக ஆவி எழுந்தது. நின்று, மறுபடி எழுந்தது. மண் மூச்சு விடுகிறது என்றே அவளுக்குத் தோன்றியது. கையிலிருந்த மிலாறு நழுவியதுகூடத் தெரியாமல் நின்றாள்.

பிறகு ஓடிப்போய் ஆண்டியப்பனைக் கூட்டி வந்தாள். வராந்தாவில் நின்ற துரையும் இறங்கி வந்தார். இடுப்பளவு தோண்டியதும் குழாய் தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த சாக்குத்துணி ஊறிப்போய்க் கிடந்தது. ஆண்டியப்பன் துணியை அறுத்தெடுத்து, குழாயைத் துடைத்து, தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஆனாலும் குழி நிறைந்துகொண்டே வந்தது.

குழாய்க்கு அடியில் பாறை வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து தண்ணீர் பொங்கி வந்தது. கண்ணாடி போன்ற தண்ணீர். மணல் துகள்கள் அதில் மேலே எழும்பிச் சுழன்று இறங்கின.

“ஊத்து,” என்றார் ஆண்டியப்பன். “புது ஊத்து. மழையில்லாத மாசத்துல.”

துரை உடுப்பு நனைவதைப் பார்க்காமல் மண்டியிட்டார். கையை உள்ளே விட்டுவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. அம்மாக்கண்ணு ஒரு கை அள்ளிக் குடித்தாள். பல் கூசியது. இந்தக் குளிர்ச்சிதான் குழாயின் சூட்டைக் குடித்திருக்கிறது. இவ்வளவு காலமும் இந்தத் தண்ணீர் எந்த இருட்டில் நடந்துகொண்டிருந்ததோ, எந்தப் பாறையைத் தட்டித் தட்டி வழி கேட்டதோ!

“சிமெந்து வச்சு அடைக்கலாமா?” என்று துரை கேட்டார்.

“அடைக்கலாங்க. ஆனா அது நிக்காதுங்க தொரை. பங்களாவுக்கு அடியில போய் எந்திரிக்கும். எங்கயாச்சும் திருப்பித்தான் விடணும்.”

அம்மாக்கண்ணு துரையை நிமிர்ந்து பார்த்தாள். “கீழ லயத்துப் பீலியில தண்ணி நூலாத்தான் விழுதுங்க தொரை. ஒரு கொடம் நெறையறதுக்குள்ள பெரட்டுல பேர் கூப்புட நேரமாயிருது. அங்க விடலாங்களே.”

துரை சரிவைப் பார்த்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைக் கூரைகளில் பனி உருகிக்கொண்டிருந்தது. “விடு,” என்றார் ஆண்டியப்பனிடம்.

சுடுநீர்க் குழாயை ஊற்றுக்கு மேலே தூக்கி, புதுச் சாக்குச் சுற்றி மூடினார்கள். மறுநாள் குளியலறை ஜன்னல் கண்ணாடி ஆவியில் மங்கிப்போனது. துரை கொட்டகை வாசல் வரை வந்து, “நெருப்பு சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஊற்றுநீருக்குப் பழைய இரும்புக் குழாய்களைச் சேர்த்துச் சரிவில் இறக்க ஒரு வாரமானது. தண்ணீர் லயத்துக்கு வந்த அன்று பெண்கள் குடங்களோடு கூடினார்கள். முதலில் செம்மண் கலங்கலாகத் துப்பியது; பிறகு தெளிந்து, கையளவு கனத்துக்கு விழுந்தது. யாரும் உடனே குடத்தை நீட்டவில்லை.

“எங்கேருந்துக்கா வருது?” என்று கேட்டாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி.

“மலைக்குள்ளேருந்து.”

“மலைக்குள்ள எங்க?”

அம்மாக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. தலைக்குமேல் மேகத்துக்குள் போய்விட்ட மலையை இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு காளியாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.