செபஸ்தியன் சொல்லாத சொல்

மேடையில் ஏறும்போதே யோசெப்பினுக்கு மனம் ஒப்பவில்லை. கொட்டாஞ்சேனை மைதானத்தில் நாலு மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். நடுவில் ஒரேயொரு நாற்காலி. அவளை அதில் இருத்தி, சின்னவளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் சங்கத்து இராஜநாயகம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான். "இவள வீட்ட விட்டிட்டு வாறன் ஐயா" என்று காலையில் அவள் சொன்னபோது, "பிள்ளையும் வரட்டும் தங்கச்சி. நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, சும்மா இருந்தாப் போதும்" என்றிருந்தார். சும்மா இருப்பதற்கு எதற்குப் பிள்ளை என்று அப்போது கேட்க வாய் வரவில்லை. இப்போது அவ்வளவு பேரும் தன்னைப் பார்க்காமல் பிள்ளையின் மெலிந்த கால்களைப் பார்ப்பதைக் கண்டதும் விளங்கியது.

அவள் புருஷன் செபஸ்தியன் செத்து இருபத்தைந்து நாள். துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து அரிசி மூட்டைகள் மொத்தமாக அவன்மேல் விழுந்தன. அவளுடைய தம்பி பீற்றர் பத்தடி தள்ளி நின்றிருந்தான். கயிறு இற்றுப்போய்விட்டது என்று சங்கம் ஆறு மாதமாக எழுதிக் கொடுத்தும் வெள்ளைக்கார மனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலைநிறுத்தம் செய்வதா இல்லையா என்று முடிவெடுக்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேண்டாம் என்று முடியவேண்டும், அதுதான் யோசெப்பினின் மன்றாட்டு. போன வருஷம் வேலைநிறுத்தம் செய்தவர்களில் இருபது பேரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பீற்றருக்கும் அப்படி ஆகிவிட்டால் இரண்டு குடும்பமும் தெருவில்தான்.

இராஜநாயகம் கயிற்றைப் பற்றிச் சொன்னார். எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆட்கள் பீடி பற்றவைத்தார்கள். பின்னால் சிலர் எழுந்து போகப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனித்ததை இவள் கவனித்தாள். சட்டென்று அவர் குரல் இறங்கியது.

"மூட்டைக்குக் கீழ கிடந்துகொண்டு செபஸ்தியன் என்ன சொன்னவன் தெரியுமோ தோழர்களே? 'என்ர பிள்ளைகளப் பசியில விட்டிடாதேங்கோ' எண்டு சொன்னவன். அதோட அவன்ர மூச்சு நிண்டுது."

எழுந்து போகப் பார்த்தவர்கள் நின்றார்கள். எங்கோ ஒரு பெண் விசும்பினாள்.

ஒரு சொல் யோசெப்பினின் காதில் இடறியது. செபஸ்தியனுக்கு 'என்ட' என்றுதான் வரும். 'என்ர' என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை; அது இராஜநாயகத்தின் ஊர்ப் பேச்சு. கடைசியாக ஒரு வார்த்தையும் இல்லை என்று பீற்றரே மாதாமேல் ஆணையிட்டுச் சொல்லியிருந்தான். அப்படியிருந்தும் அவளுடைய கண் நிறைந்து கொட்டியது. பொய்யென்று தெரிந்த சொல்லுக்கு ஏன் அழுகிறேன் என்று அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அவன் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று இத்தனை நாளும் ஏங்கியது அவளுக்குத்தானே தெரியும். அந்த ஏக்கத்துக்குள் இந்த மனிதர் எப்படிக் கையை விட்டார்?

கூட்டத்தில் பீற்றரைத் தேடினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் காதாலேயே கேட்டவன்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பயம் வந்தது அப்போதுதான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"இருங்கோ தங்கச்சி" என்றார் இராஜநாயகம், வாய்க்குள்.

"ஐயா சொல்றது பொய். அவர் ஒண்டும் சொல்லயில்ல" என்றாள் அவள், கூட்டத்தைப் பார்த்து. "காலம வேலைக்குப் போகக்க, பிள்ளைக்குக் கஞ்சி குடு எண்டார். அவ்வளவுதான். மூட்டை விழுந்தோட முடிஞ்சிது. வாய் திறக்கவும் நேரம் இருக்கயில்ல."

இனி எல்லோரும் கலைந்து போவார்கள், பீற்றர் நாளைக்கு வேலைக்குப் போவான் என்று நினைத்தாள். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் தலைப்பாகையை மெல்லக் கழற்றினார்.

"வாய் திறக்கவும் விடயில்லையே!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

அந்தச் சொல் ஒரு வாயிலிருந்து நூறு வாய்க்குப் போயிற்று. கைகள் உயர்ந்தன. பீற்றர் இரண்டு கையையும் உயர்த்தினான்.

"நான் அதுக்குச் சொல்லயில்ல" என்றாள் யோசெப்பின். கேட்க ஆளில்லை.

கோபத்தோடு நிற்பார் என்று இராஜநாயகத்தின் பக்கம் திரும்பினாள். அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய கொப்பி ஒன்றை எடுத்து, பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, அவள் சொன்ன சொற்களையே எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, அவள் காதருகே குனிந்தார்.

"கஞ்சி எண்டா, அரிசிக் கஞ்சியோ தங்கச்சி?"

பென்சில் தாளுக்கு மேலே காத்து நின்றது.